அந்த ‘வரேன்’ யாருக்கு?

டப்பிங் இன்சார்ஜ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரிய பெரிய வசனங்களைப் பற்றித்தான். பக்கம் பக்கமாக அழுகிற காட்சியை எப்படிச் சமாளிப்பது, நடிகை மூச்சு வாங்கும் இடத்தில் குரல் கொடுப்பவரையும் எப்படி மூச்சு வாங்க வைப்பது, இப்படி. ஒற்றைச் சொல் வசனத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சொல் என்னைப் பழவேற்காடு ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தித் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. அந்தக் குழப்பம் இன்றுவரை முழுசாகத் தெளியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் எடுத்துக்கொள்வது உங்கள் பாடு.

அது கறுப்பு வெள்ளைக் காலத்துக் காதல் படம். பெயர் வேண்டாம். பழவேற்காட்டு மீனவப் பெண்ணுக்கும், பக்கிங்காம் கால்வாய் அலுவலகத்துக்கு வேலையாக வந்த குமாஸ்தாவுக்கும் காதல், கல்யாணம், பிறகு சந்தேகம். அந்தக் காலப் படங்களில் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மாமன் மகன் ஒரு கூடை இறாலைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டால் போதும். புருஷன் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான். அவள் அப்பன் வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டு முழுக்க அழுகிறாள். கடைசியில் அவன் படகில் வந்து கூப்பிடுகிறான். கரையில் அப்பன் நிற்கிறான். நடுவே முழங்கால் தண்ணீரில் இவள். முகம் திரை முழுக்க வருகிறது, உதடு அசைகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் படச்சுருள் பிசுபிசுத்துக் கூழாகிவிட்டது. கடைசி ரீலின் ஒலியும் போய்விட்டது.

தயாரிப்பாளரின் மகன் அந்தப் படத்தைச் சீராக்கி ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். ஒலி வேலைக்கு பிரவீன் என்ற இளைஞன். போன குரலைத் திரும்பக் கொண்டுவர நான். மற்ற வசனங்களையெல்லாம் முடித்துவிட்டோம். மிச்சம் அந்தக் கடைசிச் சொல்தான்.

என்ன சொல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உதட்டைப் படித்தே பிழைத்தவள் நான். பல் கீழுதட்டைத் தொடுகிறது, வாய் அகலமாகிறது, மூடாமல் முடிகிறது. ‘வரேன்’. சொல்லைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் பிரவீன் கேட்டான்: “யாருகிட்டக்கா சொல்றாங்க?”

தமிழில் இதைவிடக் குழப்படியான சொல் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் ‘வரேன்’ என்கிறோம். கிளம்பும்போதும் ‘வரேன்’ என்கிறோம். புருஷனிடம் சொல்லியிருந்தால், உன்னோடு வருகிறேன் என்று இருக்கலாம், என்னை விட்டுவிடு, விடைபெறுகிறேன் என்றும் இருக்கலாம். அப்பனிடம் சொல்லியிருந்தால், போய்வருகிறேன் என்று இருக்கலாம், வீட்டுக்கு வருகிறேன் என்றும் இருக்கலாம். பார்வை எந்தப் பக்கம் என்று பார்த்தால் அதிலும் குழப்பம். படகை ஒரு நாளும் அப்பனை ஒரு நாளும் எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, வெயில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கிறது. அவள் இருவருக்கும் இடையில் எங்கோ பார்க்கிறாள்.

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆசையாகப் புரட்டினால் கதைச் சுருக்கத்தின் கடைசி வரி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. எழுதியவரைத் திட்டலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பழவேற்காடு கடைத்தெருவில், சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெரியவரைப் பிடித்தோம். “புருஷனோட போய்ட்டாம்மா. போவாம இன்னா பண்ணுவா?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க போனா? அப்பன் வூட்லயே நின்னுட்டா. அன்னிக்கு நான் எவ்ளோ அழுதேன், எனக்குத் தெரியாதா?” அண்ணனும் தம்பியும் எங்களை மறந்துவிட்டுச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நாங்கள் நழுவிவிட்டோம்.

சென்னையில் மூன்று நான்கு பேரைச் சொல்லவைத்துப் பார்த்திருந்தேன். நல்ல குரல்கள்தான். ஆனால் அத்தனையும் மைக்கிடம் சொல்லும் குரல். தண்ணீர் மேல் போகவேண்டிய குரல் இல்லை. அதனால்தான் ஏரிக்கே வந்தோம். தோணிரேவு என்கிற படகுத்துறையில் வண்டியை நிறுத்திய உடனேயே ஒரு பெண் கரையிலிருந்து தூரத்துப் படகைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. குரலைத் தூக்கி எறிந்தாள், அது அங்கே போய் விழுந்தது. படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பெயர் மேகலா.

மேகலாவின் கதையை நாங்கள் கேட்காமலே ஊரில் சொன்னார்கள். புருஷன் முரளி, ஏரிக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரன். மேகலா பழவேற்காட்டில் நண்டு வாங்கி அனுப்பும் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விடு என்று முரளி சொல்ல, இவள் மாட்டேன் என்க, பேச்சு முற்றி அப்பா எத்திராஜ் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் எத்திராஜும், “என் வூட்ல இருந்துகினு பொண்ணு வேலைக்குப் போனா ஊர் இன்னா சொல்லும்?” என்று நிறுத்திவிட்டார். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. நாங்கள் போன அன்று சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்து கூடுவதாக இருந்தது. புருஷன் வீடா, அப்பன் வீடா, எந்த வீடு என்று மேகலா எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். சொன்னால் சொன்னதுதான். ஊரை மீறி மாற்றிப் பேசமுடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு அவளை விட்டுவிடுவோம் என்றுதான் பார்த்தேன். அவள்தான் கேட்கவில்லை. “வூட்ல குந்தினு அத்தயே நெனச்சிகினு இருக்கறதுக்கு இது தேவலக்கா” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பிரவீன் மூங்கில் கழியில் மைக்கைக் கட்டி அவள் தலைக்கு மேல் பிடித்தான். எத்திராஜ் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலையை வைத்துக்கொண்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருகிட்டக்கா சொல்லணும்?” என்றாள் மேகலா. எல்லாரும் கேட்கிற கேள்விதான். புருஷனிடம் சொல்வதாக வைத்துக்கொள் என்றேன். சொன்னாள். சவால் விடுகிற மாதிரி வந்தது. அப்பாவிடம் என்றேன். சொல் பாதியிலேயே தேய்ந்துவிட்டது. பொதுவாகச் சொல்லேன் என்றேன். கூட்டத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி இருந்தது. இடையே தயாரிப்பாளரின் மகன் போன் செய்துகொண்டே இருந்தார். நாளை மாலைக்குள் படம் விழாவுக்குப் போயாகவேண்டும். “சுபமாவே முடிச்சிடுங்கம்மா. யாரு இப்ப வந்து கேக்கப் போறாங்க?”

ஓய்வுக்காகக் கரையேறியபோது மேகலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, அவ போலாமா, வாணாமா? நீங்க இன்னா நெனக்கிறீங்க?”

படத்துப் பெண்ணைக் கேட்கிறாள் என்று நினைத்து, “அது டைரக்டருக்குத்தான் தெரியும்” என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். எத்தனையோ பெண்களின் அழுகையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருத்திக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. “தெரியலம்மா” என்றேன். “எனக்கும் அதான்” என்று மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

அப்போதுதான் முரளியின் படகு வந்தது. பஞ்சாயத்துக்கு முன்னால் நேரில் பேசிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு கிட்டத்தில் வந்து, “மேகலா, ஏறு” என்றான். எத்திராஜ் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார். “ஊர் கூடறதுக்குள்ள இங்க இன்னாத்துக்கு வந்த?”

“நான் என் பொண்டாட்டிய கூப்பிடறேன் மாமா. நீ நடுவுல பேசாத.”

படகில் அவன், கரையில் இவர், நடுவே முழங்கால் தண்ணீரில் அவள். யாராவது கதையாக எழுதிக்கொண்டு வந்திருந்தால் நம்பும்படி எழுது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். பிரவீனைப் பார்த்து நிறுத்து என்று கை காட்டினேன். அவன் வேறெங்கோ பார்த்தான். மேகலா இருவரையும் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, “வரேன்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கரையேறி வீட்டுப் பக்கம் போனாள். ஈரப் புடவையை மாற்றப் போகிறாள் என்று நினைத்தோம். முரளி சிரித்துக்கொண்டே படகைக் கட்டினான். “கேட்டியா மாமா? என்கிட்ட வரேன்னு சொல்லிட்டா.” எத்திராஜும் விடவில்லை. “போடா. உன்கிட்ட சொன்னது போய்ட்டு வரேன்ற வரேன். என்கிட்ட சொன்னதுதான் வூட்டுக்கு வரேன்.” இருவருக்கும் ஜெயித்த முகம்.

பிரவீன் மிஷினை நிறுத்தவே இல்லை. வண்டிக்குள் வைத்து அவனை நன்றாகத் திட்டினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் பதிவு செய்வது திருட்டு என்றேன். “திட்டுங்கக்கா. ஒரு தடவ கேட்டுட்டுத் திட்டுங்க” என்று காதில் மாட்டிவிட்டான். கேட்டேன். நாங்கள் தேடி வந்த குரல் அதுதான். இனி மேகலாவிடம் கேட்டு அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதற்குள் பிரவீன் லேப்டாப்பில் தண்ணீர் இரைச்சல், காற்று எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டான். சொல் மட்டும் பளிச்சென்று நின்றது.

மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஊர் கூடியது. மேகலாவைக் கூப்பிட ஆள் போனது. வீட்டில் அவள் இல்லை. ஈரப் புடவை கொடியில் கிடக்கிறது, போன் சார்ஜில் கிடக்கிறது, ஆள் இல்லை. பக்கத்து வீடு, குழாயடி, கோயில், எங்கும் இல்லை. முதலில் முரளியும் எத்திராஜும், நீதான் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: “ஏரிப் பக்கம் பாத்தீங்களா?”

இரண்டு படகுகளில் ஆட்கள் கிளம்பினார்கள். ‘வரேன்’ என்பதற்கு நான்கு அர்த்தம்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்தாவது ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மறக்கவே முடியாது. சற்று முன்னால் அந்தச் சொல் எனக்குத்தான் என்று மார்தட்டிய இருவரும் இப்போது அதைத் தொடவே பயந்தார்கள். “உன்கிட்டதான மாமா சொன்னா? நீதான கரையில இருந்த?” என்றான் முரளி. எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “உன்னப் பாத்துதான்டா சொன்னா. என்னப் பாக்கவே இல்ல என் பொண்ணு.” இரண்டு ஆண்களும் அழுதார்கள். யாரிடம் சொன்னாள் என்பது இப்போது யார் தலையில் பழி விழுகிறது என்கிற கேள்வியாகிவிட்டது.

ஊர்த் தலைவர் என்னிடம் திரும்பினார். “ஏம்மா, நீங்க கூட இருந்தீங்க. உங்களுக்கு இதான தொழிலு. அந்தப் பொண்ணு யாருகிட்ட சொல்லிச்சு? மிஷின்ல பதிஞ்சிதா?”

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். போட்டுக் காட்டினால் அவள் தெரியாமல் கொடுத்த ஒரு சொல்லை ஊரே பிய்த்துப் பார்க்கும். பிறகு அவள் திரும்பி வந்தால், நீ சொன்னது இதுதான் என்று அதை வைத்தே கட்டிப் போடுவார்கள். ஆனால் அவள் திரும்பி வருவாளா என்பதே தெரியாதபோது, அவள் வாயிலிருந்து கடைசியாக வந்தது இந்த மிஷினுக்குள்தான் இருக்கிறது. நான் படத்தை மறந்துவிட்டேன். போடு என்றேன் பிரவீனிடம்.

சுத்தம் செய்ததைப் போட்டான். “வரேன்.” மறுபடி போடச் சொன்னார்கள். “வரேன்.” ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “இது போய்ட்டு வரேன்னு சொல்றதுதாம்மா” என்று விசும்பினாள். இன்னொருத்தி, “இல்ல, அதுல கோவம் இருக்குது” என்றாள். சொல்லைச் சுற்றி ஒன்றுமே இல்லாததால் அவரவர் பயத்தை அதில் வைத்துக் கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது பிரவீனைக் கேட்டேன்: “நீ சுத்தம் பண்ணப்போ என்னெல்லாம் எடுத்த?”

“தண்ணி சத்தம், காத்து, காக்கா. தூரத்துல ஏதோ ஹாரன்.”

“எடுக்காதத போடு.”

போட்டான். காற்று இரைந்தது. காக்கை கத்தியது. எங்கோ ரோட்டுப் பக்கம் ஒரு ஹாரன், இழுத்து இழுத்து, குழந்தை சிரிப்பது போல. உடனே மேகலாவின் குரல், “வரேன்.” திரும்பவும் ஒரு சின்ன ஹாரன், சரி என்பது போல.

முந்தானையை எடுத்துவிட்டு அந்த அம்மாதான் முதலில் பேசினாள். “இது காதர் பாய் ஷேர் ஆட்டோ இல்ல?”

நாள் முழுக்கத் தெரு முக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும் ஆட்டோ. யார் காதிலும் விழாத அளவுக்குப் பழகிய சத்தம். அவள் புருஷனிடமும் சொல்லவில்லை, அப்பனிடமும் சொல்லவில்லை. ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

தலைவரே போன் போட்டார். “பாய், நம்ம எத்திராஜ் பொண்ணு உன் வண்டியில ஏறிச்சா?”

“இதோ பின்னாடி குந்தினுக்குது. பொன்னேரி கிட்ட வந்துட்டோம். இன்னா விஷயம், எல்லாரும் இவ்ளோ பேஜாரா பேசறீங்க?”

எத்திராஜ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள். நான் அவளிடம் குரலுக்கு அனுமதி கேட்டது, அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக்கோக்கா என்றது, எல்லாம் மறுநாள் நடந்தது. படத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. பார்த்தவர்களில் பாதிப் பேர் சுபம் என்கிறார்கள், பாதிப் பேர் சோகம் என்கிறார்கள். படத்துப் பெண் யாரிடம் சொன்னாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவள் எந்தச் சத்தத்துக்குப் பதில் சொன்னாளோ, அதை யார் சுத்தம் செய்து எடுத்தார்களோ. நீங்கள் வேலை செய்யும்போது எடுத்தெறிந்ததையும் ஒரு தடவை கேளுங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். நான் சொல்ல வந்தது அன்று போனில் நடந்த மிச்சத்தை.

தலைவர் கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். “ஊர் கூடி உக்காந்துனு இருக்குது. பதில் சொல்லாம எங்கம்மா போற?”

ஆட்டோ இரைச்சலுக்கு மேல் மேகலாவின் குரல் வந்தது. “அனுப்பம்பட்டுல எங்க நண்டு கம்பெனி பேக்கிங் ஷெட்டு இருக்குதுணா. அங்க வேலைக்கு வர சொன்னாங்க. கூட வேல பாக்கறவங்க ரூம்லயே எடம் இருக்குது. போன மறந்து வெச்சிட்டேன். போய் சேந்துட்டு யாரு போன்லயாவது சொல்லலாம்னு இருந்தேன்.”

“உன்ன எந்த வூடுன்னுதான கேட்டோம்.”

“ரெண்டு வூடு சொல்லி அதுல எதுன்னு கேட்டீங்க. நானும் இத்தினி நாளு அதுல எதுன்னேதான் யோசிச்சினு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நைனா இருக்குதா அங்க? நைனா, சாப்புடு. நான் நல்லாதான் இருக்கேன்.”

எத்திராஜ் தலையை மட்டும் ஆட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு பதிலுக்கு அந்தக் கொட்டகையில் வழக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

முரளி எழுந்து வந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டான். கண்ணைத் துடைத்திருந்தான், மூக்கு இன்னும் அடைத்திருந்தது. “மேகலா, நான் வரேன்” என்றான்.

“வந்து?” என்றாள் அவள்.

முரளி வாயைத் திறந்தான், மூடினான். ஆனால் போனை மட்டும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை.